பள்ளிக்கூடமும் வளரும் பிள்ளையும்



குடும்ப நலம் என்றதும் கருத்தடை, தடுப்பூசி, பேறுகாலக் கவனிப்பு இவைதான் உங்கள் நினைவுக்கு வரும். ஊர் ஊராய்ப் போய் நானும் அதைத்தான் அதிகம் பேசியிருக்கிறேன். பெற்ற இரண்டையும் ஆளாக்குவது பற்றிப் பேசியது குறைவு. இன்று அதைப் பேச வந்திருக்கிறேன்.

"அஞ்சாவது வரைக்கும் தங்கமா இருந்தான் சார். பெரிய பள்ளிக்கூடம் போனான், கெட்டுப்போனான்." சங்கராபுரம் பக்கமும் கேட்டேன், மலைமேலே வெள்ளிமலையிலும் கேட்டேன், இதே பேச்சுதான். இதில் பாதி உண்மை. மறு பாதி வயசு. பத்து வயதுக்கு மேல் உடம்பு வளரும், குரல் உடையும், பெண் பிள்ளை பூப்பெய்துவாள். அப்பா அம்மா சொல்லைவிடக் கூட்டாளி சொல் பெரிதாகத் தெரியும். யார் மதிக்கிறார்கள், யார் கேலி செய்கிறார்கள் என்று மனசு எந்நேரமும் கணக்குப் போடும். அந்த வயதில்தான் பிள்ளை அதிக நேரம் பள்ளியில் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை, ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 6 மணி என்று வைத்தால்கூட 6,000 மணி நேரம். உண்டு உறைவிடப் பள்ளியில் விட்ட பிள்ளைக்கு இரவும் அங்கேதான்.

லண்டன் நகரத்தில் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 12 உயர்நிலைப் பள்ளிகளைக் கவனித்து, 1979-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். எல்லாம் உழைக்கும் மக்கள் நிறைந்த பகுதிகள். ஆனாலும் ஒரு பள்ளியில் பிள்ளைகள் ஒழுங்காக வந்தார்கள், இன்னொன்றில் தப்பு வழி போனவர்கள் அதிகம். சேரும்போது பிள்ளை எப்படி இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. காரணம் என்ன? கட்டடம் புதுசா பழசா என்பது இல்லீங்க. ஆசிரியர் நேரத்துக்கு வகுப்புக்கு வருகிறாரா, நல்லது செய்தால் பாராட்டுகிறாரா, பிள்ளைக்கு ஏதாவது பொறுப்பு கொடுக்கிறாரா, இடத்தைப் பேணுகிறார்களா என்பதுதான். அடி அதிகமாக இருந்த பள்ளிகளில் நடத்தை நன்றாக ஆகவில்லை, மோசமாகும் போக்குதான் தெரிந்தது.

இதை அவசியம் சொல்லவேண்டும். ஏனென்றால் நம்மில் பலர் பிள்ளையைச் சேர்க்கும்போதே, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனம் நோகும்படி நடத்துவதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் தடுத்ததை நாமே கேட்டு வாங்கலாமா?

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் நடந்தது. 2018-ல் முடிவு வெளியானது. சில பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியரே அதை நடத்தினார். வேறு சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து, பிள்ளைகள் சொல்வதைக் கேட்டார், குறைகளை எழுதிப்போடப் பெட்டி வைத்தார். இரண்டாவது வகைப் பள்ளிகளில் சண்டையும் கேலிக் கொடுமையும் மனச்சோர்வும் குறைந்தன. முதல் வகையில் பெரிய மாற்றம் இல்லை. ஆசிரியர் கெட்டவர் என்று இதற்குப் பொருள் இல்லை. அவருக்குக் காது கொடுக்க நேரமில்லை, அவ்வளவுதான். நம் பள்ளிகளிலும் 'மாணவர் மனசு' என்று பெட்டி வைத்திருக்கிறார்கள். அதை யார் திறக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கல்வராயன் மலைப் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெளியூர் வேலைக்குப் போகும்போது பிள்ளையை உறைவிடப் பள்ளியில் விட்டுப் போகிறீர்கள். அங்கே ஆசிரியர் மட்டும் அல்ல, காப்பாளர், சமையல்காரம்மா, இரவுக் காவலர் எல்லாரும் பிள்ளைக்குப் பாடம்தான். "இன்னும் கொஞ்சம் சாப்பிடுப்பா" என்ற சொல்லும் பாடம், பீடி வாங்கிவரச் சொல்வதும் பாடம். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் நின்று கண்ணால் அளந்து பாருங்கள்.

சாராயத்தைப் பற்றி இந்த மாவட்டத்தில் நான் சொல்லவேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. அப்பனையும் ஆத்தாளையும் சேர்த்து இழந்த பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒரு பிள்ளை மறுபடி வகுப்பில் வந்து உட்காரும்போது, அதன் காதுபட "குடிகாரன் பிள்ளை" என்று ஒரு பெரியவர் சொன்னால் அது எங்கே போகும்? பேர் சொல்லிக் கூப்பிட்டு, வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னால் எங்கே போகும்?

மலை அடிவாரத்து ஊர் ஒன்றில், எட்டாவது படித்த பெண் திடீரென்று நின்றுவிட்டாள். "படிப்பு ஏறலை" என்றார் தகப்பனார். மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேச்சும் தொடங்கிவிட்டது. பதினெட்டு ஆகாமல் கட்டக்கூடாது என்று நான் சட்டம் பேசினேன், அவர் காதில் ஏறவில்லை. அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசியது எங்கள் கிராம சுகாதார செவிலியர்தான். பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. மாதவிலக்கு நாளில் ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒருமுறை ஆசிரியரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுக் கூட்டத்துக்கு அவள் அம்மாவை அழைத்துப் போனோம். முதல் கூட்டத்தில் அந்தம்மா வாயே திறக்கவில்லை. இரண்டாவதில் எழுந்து, "தாழ்ப்பாள் நாங்களே வாங்கியாறோம், சிரிக்கறதை நீங்க நிறுத்துங்க" என்றார். தலைமை ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் தகப்பனாரே திருகாணியும் தாழ்ப்பாளும் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார். அந்தப் பெண் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள்.