புதிய தாளமும் பழைய தப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவை முன்னிட்டுப் பதுளையில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவில் பேச அழைக்கப்படுபவர் ஒழுக்கத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ நாலு நல்ல வார்த்தை சொல்லி அமர்வது வழக்கம். இம்முறை செயற்குழுவினர் எம்மிடம் ஒப்படைத்த பொருள் சற்று வம்பானது. இக்காலத்து நடனக் கூடங்களில் ஒலிக்கும் றப், ஹவுஸ், டான்ஸ்ஹோல் என்னும் கலப்பிசை நம் பிள்ளைகளுக்கு ஆகுமா, ஆகாதா என்பதே அது. இந்தப் பொருள் எப்படி வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கலை நிகழ்ச்சியில் றப் பாட்டு ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்று இளைஞர் சிலர் கேட்டார்கள். அந்தக் கூச்சல் மேடையேறினால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் பெரியவர்கள். அது இல்லையென்றால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் இளைஞர்கள். இரு சாராரும் வராவிட்டால் நாற்காலிகளுக்குத்தான் விழா நடத்த வேண்டியிருக்கும்!

ஒன்றைத் தள்ளுவதாயினும் கொள்ளுவதாயினும், முதலில் அது இன்னது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஆகவே இந்த இசையின் பூர்வீகத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த இசை

மேற்கிந்தியத் தீவுகளில் ஜமேக்கா என்று ஒரு நாடு உண்டு. வெள்ளைக்காரர் அங்கே கரும்புத் தோட்டம் போட்டு, ஆபிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுவந்து வேலை வாங்கினர். 1834ஆம் ஆண்டில் பிரித்தானிய சாம்ராச்சியத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! 1845ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல் ஜமேக்காவைச் சேர்ந்தது. நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்ததும் அதே காலந்தான். அங்கே கரும்பு, இங்கே கோப்பி, பின்னர் தேயிலை. அங்கும் துரை, இங்கும் துரை.

அந்த ஜமேக்காவின் தலைநகரான கிங்ஸ்ரனில் 1950ஆம் ஆண்டுகளில் ஏழைகளுக்கு நடன மண்டபமும் வாத்தியக் கோஷ்டியும் எட்டாக் கனியாக இருந்தன. அவர்கள் என்ன செய்தார்கள்? ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தெருவிலும் முற்றத்திலும் அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, திறந்த வெளியையே நடனக் கூடமாக்கினார்கள். இசைத்தட்டு ஓடும்போதே ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துத் தாளத்துக்கு இசையப் பேசுவார். ஊர்ச் செய்தி, கேலி, அரசியல், பெருமை எல்லாம் அந்தப் பேச்சில் வரும். இந்த மரபிலிருந்து 1970ஆம் ஆண்டுகளின் கடைசியில் உருவானதே டான்ஸ்ஹோல். 1985இல் வெளிவந்து அந்த இசையின் போக்கையே மாற்றிய ஒரு பாடலின் தாளம், ஜப்பானியக் கசியோ நிறுவனத்தின் சிறிய விசைப்பலகையில் முன்பே பதிக்கப்பட்டிருந்த ஒன்று. பெரிய வாத்தியக் குழு இல்லாதவன் கைக்கு அடக்கமான கருவியால் நாட்டையே ஆட வைத்தான்.

ஜமேக்காவில் பிறந்த கிளைவ் காம்பல் என்னும் சிறுவன் 1967இல் நியூயோர்க் சென்றான். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், ப்ரொங்ஸ் பகுதியிலே தாம் குடியிருந்த கட்டடத்தில், தன் தங்கை நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு ஓட்டினான். பாட்டில் மேளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதிக்கே ஆடுகிறவர்கள் காத்திருப்பதை அவன் கவனித்திருந்தான். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேசைகளில் வைத்து, அந்தப் பகுதியையே மாறி மாறி நீட்டினான். அந்த நீண்ட தாளத்தின்மேல் எதுகை சேர்த்துப் பேசிய பேச்சுத்தான் றப். அந்த இரவையே ஹிப்-ஹொப் இசையின் பிறந்த நாளென்று உலகம் கொண்டாடுகின்றது.

ஹவுஸ் என்பதன் ஊர் சிக்காகோ. அங்கே வெயர்ஹவுஸ் என்ற கூடத்தில் 1977 முதல் பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இசைத்தட்டு ஓட்டினார். பெரிய இடங்களில் நுழைய இயலாத கறுப்பின இளைஞரும், சமூகம் ஒதுக்கிவைத்த பிறரும் அங்கே கூடினர். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்தே இசையும் பெயர் பெற்றது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி, நாலு நாலாக, தப்பாமல் விழும் தாளம் அதன் அடையாளம். அதே சிக்காகோவில் 1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் ஒரு விளையாட்டு மைதானத்தில் நடன இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். தகர்த்தவர்கள் அத்தோடு அந்த இசை தொலைந்தது என்று எண்ணியிருக்கலாம். ஹவுஸ் இசையோ அதன்பிறகுதான் ஓங்கி வளர்ந்தது. 1988 அளவில் றப் பேச்சு ஹவுஸ் தாளத்தின்மேல் ஏறியது. டான்ஸ்ஹோல் நடையும் அதனோடு கலந்தது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் கேட்பது இந்த மூன்றின் வாரிசையே.

தமிழர் கைக்கு வந்த கதை

இதில் தமிழனுக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்கலாம். மாயா அருள்பிரகாசம் என்ற பெண்ணின் கதையைக் கேளுங்கள். லண்டனில் 1975இல் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, குண்டுச் சத்தத்தின் நடுவே பிள்ளைப் பருவத்தைக் கழித்து, தாயோடு அகதியாக மீண்டும் லண்டன் சென்றவர் அவர். றப், டான்ஸ்ஹோல், மின்னிசை எல்லாம் கலந்து 2005இல் அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் 'அருளர்'. அது அவர் தந்தையின் புனைபெயர். 2007இல் வந்த அடுத்த தொகுப்பின் பெயர் 'கலா'. அது தாயின் பெயர். அந்த இரண்டாவது தொகுப்புக்காக அவர் சென்னை சென்று உறுமி மேளக்காரரை வாசிக்கச் செய்து ஒலிப்பதிவு செய்தார். நம் கோவில் வாசலில் முழங்கும் உறுமி, லண்டன் நடனக் கூடங்களில் முழங்கியது. அத்தொகுப்பின் பாடல் ஒன்று 2009இல் அமெரிக்கக் கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது.

இரப்பர்த் தோட்டத் தமிழர் வாழும் மலேசியாவில் யோகி பி என்பவர் தம் நட்சத்திரா குழுவோடு 2006இல் 'வல்லவன்' என்ற தமிழ் றப் தொகுப்பை வெளியிட்டார். தமிழில் றப் பேசலாம், அதுவும் இலக்கணச் சுத்தமான சொற்களை வைத்தே பேசலாம் என்று பல நாட்டு இளைஞருக்கும் காட்டியவர் அவர்.

இனி நம் நெஞ்சுக்கு மிக அண்மையில் உள்ள செய்திக்கு வருகிறோம். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' என்ற பாடலை இங்கே கேளாதவர் இருக்கமாட்டார்கள். சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடியது. அதை எழுதிய அறிவு என்ற இளைஞரின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்கு பிரித்தார்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் பெரியவர்களில், பதுளைப் புகையிரத நிலையத்தில் உடன்பிறந்தாரைக் கட்டிப்பிடித்து அழுது வழியனுப்பியவர்கள் எத்தனை பேர்! அந்தக் கண்ணீரை எந்தச் சரித்திரப் பாடப் புத்தகம் நம் பிள்ளைகளுக்குச் சொன்னது? நீங்கள் கூச்சல் என்று சொல்லும் இசையில் ஒரு பேரன், ஒப்பாரியின் சாயலைக் கலந்து, பாட்டனும் பூட்டனும் உழைத்த மண்ணைப் பற்றிப் பாடினான். கோடிக்கணக்கானவர் கேட்டார்கள்.

நம்முடைய குற்றம்

இதுவரை ஊர்க்கதை. இனி நம் வீட்டுக் கதை.

நம் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு ஆள் கூட்டியது எது? தப்பு. பிள்ளை பிறந்தாலும், மாரியம்மன் கரகம் பாலித்தாலும், மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடினாலும், இழவு விழுந்தாலும் ஒலித்தது எது? தப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அடி. லயத்துக்குள் இருந்தபடியே அடியைக் கேட்டு நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார்கள் நம் பாட்டிமார். நெருப்பில் காய்ச்சி, ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய மூங்கிற் சிம்புமாக அடிக்கும் அந்தத் தாளத்துக்கு இணை சொல்ல எமக்குத் தெரியவில்லை.

அதை நாம் என்ன செய்தோம்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவுக்கு நாம் பொறுப்பாக இருந்தோம். பட்டணத்திலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்தோம். வழக்கம்போல் முதியவர் ஒருவர் தம் தப்புடன் வந்து, கோவிலுக்குப் பின்புறம் சருகைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் பெட்டி வந்திருக்கு, நீங்க சிரமப்பட வேணாம்" என்று அவர் கையில் கொஞ்சம் பணத்தை வைத்து அனுப்பினோம். அவர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "சாமிக்கு ஒரு அடி மட்டும் அடிச்சிட்டுப் போறேன் தம்பி" என்றார். அடித்தார். வாசற்படிக்கு வெளியே நின்றுதான் அடித்தார். அவரை உள்ளே வரச்சொல்ல நம்மில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மறு வருஷம் அவர் இல்லை. அவர் அறிந்திருந்த அடிகளைக் கேட்டு வைத்துக்கொண்டவரும் இல்லை.

பெரியோர்களே, தப்பைத் துரத்தியது டான்ஸ்ஹோல் அல்ல. அதை அடிப்பவரின் சாதியைப் பார்த்துப் படிக்கு வெளியே நிறுத்திய நாமே துரத்தினோம். இளைஞர்களே, நீங்களும் தப்பவில்லை. ஜமேக்காத் தெருவில் பிறந்த தாளத்துக்குத் தலையாட்டுகிறீர்கள்; லயத்தில் பிறந்த தாளத்தைக் கேட்டால் பட்டணத்து நண்பர்கள் முன் வெட்கப்படுகிறீர்கள். அந்தக் கறுப்பின மக்கள் தங்கள் தெருவைக் கண்டு வெட்கப்பட்டிருந்தால் நீங்கள் கேட்பதற்கு இந்த இசையே இருந்திராது.

கொள்ளுவதும் தள்ளுவதும்

பெரியவர்களின் குறையில் நியாயம் இல்லாமலில்லை. இந்தப் பாடல்களில் பெண்களை இழிவுபடுத்துவன உண்டு. குடியையும் துப்பாக்கியையும் கொண்டாடுவன உண்டு. தாயும் தங்கையும் அமர்ந்திருக்கும் சபையில் பாட முடியாததைத் தாயும் தங்கையும் இல்லாத இடத்திலும் பாடவேண்டாம். சாமத்தில் பெட்டியை அலறவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் புத்தகத்தை மூடவைப்பது கலை ஆகாது.

ஆனால் புதிய மெட்டே பாவம் என்பதை நாம் ஏற்கமாட்டோம். தோட்டத் தொழிலாளருக்காக உழைத்த கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் மக்கள் அறிந்த மெட்டுகளில் உரிமைப் பாட்டுகளைக் கட்டி, கூட்டங்களில் பாடி, அச்சிட்டும் பரப்பினார்கள். மேடைப் பேச்சு நுழையாத காதுகளில் அந்தப் பாட்டு நுழைந்தது. பின்னர் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் தமிழ்ப் பொப்பிசை பாடியபோது, தமிழ் கெட்டது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகளே இன்று கலியாண வீடுகளில் அந்தப் பாட்டுகளுக்குக் கைதட்டுகிறார்கள். இங்கேயும் சிலர் சிரிப்பது தெரிகிறது!

றப்புக்கு வேண்டியது இரண்டு: சொல்லும் சந்தமும். இவ்விரண்டிலும் தமிழன் யாருக்கும் கடன்பட்டவன் அல்லன். எதுகையும் மோனையும் நம் வீட்டுச் சொத்து. நம் ஊவா மாகாணத்திலுள்ள கதிர்காமத்தையும் பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழை ஒரு முறை வாய்விட்டு விரைவாக ஓதிப் பாருங்கள். நாக்குக்கு அதைவிடக் கடினமான பயிற்சியை எந்த அமெரிக்கப் பாடகனும் தரமாட்டான்.

பாடுபொருளுக்கும் பஞ்சமில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதே. அதற்கு ஒரு பாட்டு உண்டா? கொழுந்துக் கூடையோடு மலையேறும் தாயைப் பற்றி, கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன அண்ணனைப் பற்றி, சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாத வீட்டைப் பற்றி யார் பாடுவார்? ப்ரொங்ஸ் இளைஞனா வந்து பாடுவான்?

ஆகவே சபையோர் முன்னிலையில் நாம் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, அடுத்த ஆண்டு விழாவில் இந்த இசைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். ஆனால் பாடுவது நம் பிள்ளைகள் தாமே தமிழில் எழுதியதாக இருக்கவேண்டும். இரண்டாவது, அந்த மேடையில் தப்புக் கலைஞர்கள் இருக்கவேண்டும். அவர்கள் பெயர் அழைப்பிதழில் அச்சாக வேண்டும். மற்றக் கலைஞருக்குத் தரும் சன்மானம் அவர்களுக்கும் தரவேண்டும். கோவிலில் படிக்கு உள்ளே அவர்களுக்கு இடம் வேண்டும். இது நடக்காவிட்டால் முதல் யோசனையும் நடக்கவேண்டாம். மூன்றாவது, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை என்று தோட்டந்தோறும் நம் இளைஞர்கள் சென்று, மூத்தவர்கள் அறிந்த அடிகளை இன்ன சடங்குக்கு இன்ன அடி என்று குறித்து, கைப்பேசியில் பதிந்து, சங்க நூலகத்தில் சேர்க்கவேண்டும். பாட்டுக் கேட்க மட்டுமா அந்தக் கைப்பேசி?

அன்று படிக்கு வெளியே நின்று அடித்த அந்தப் பெரியவரிடம் நாம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அவரைப் போன்றோர் இன்னும் சிலர் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு நாள் அதிகம் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முதல் குழு புறப்படட்டும். கூட வருவதற்கு நாம் ஆயத்தம்.