காமிராவும் கோடை உலாவும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு வெளியே புறப்படும் ஆசை பிறக்கிறது. கையில் காமிராவோ கைப்பேசியோ இருக்கிறது. ஒரே நாளில் நூறு படங்களை எடுத்துவிடுகிறோம். அவற்றுள் எத்தனையை ஓராண்டு கழித்தும் பார்க்கிறோம்? நிலைக்கும் படம் எடுப்பதற்கு இரண்டு பழக்கங்கள் போதும்: ஒன்று, காத்திருத்தல், மற்றொன்று, குறித்து வைத்தல்.

முதலில் ஒளிக்காகக் காத்திருக்க வேண்டும். நம் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் உள்ளது. ஆதலால் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், சித்திரை பிறக்கும் தறுவாயில், உச்சிப்பொழுதில் கதிரவன் தலைக்கு நேர் மேலே நிற்கிறான். அப்போது எடுக்கும் படத்தில் நெற்றி வெளுக்கும், கண்குழி கறுக்கும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியே முகத்துக்கும் சுவருக்கும் உருவம் தருவது.

பதினெட்டாம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெருவுக்குக் காலையிலேயே சென்றால் மூட்டை இறக்குவோரையும் பூ விற்போரையும் நல்ல ஒளியில் காணலாம். அவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் படம் எடுப்பதே முறை. கோடையின் தொடக்கத்தில், பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, 21 நாட்களில், பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு முன் மாலையில் காமிராக்கள் திரளுகின்றன. மறையும் கதிரவன் கோபுர நிலைகளின் வாயில்கள்வழியே ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் காட்சி அது.

நகரை விட்டுத் தெற்கே வெள்ளாயணிக் காயற்கரைக்குச் செல்வோம். தும்பியைத் துரத்தினால் படம் கிடைக்காது. அது பெரும்பாலும் எழுந்த குச்சிக்கே திரும்பி வரும். குச்சியைக் குறிவைத்து அசையாதிருந்தால் போதும். கடும் வெயிலில் சில தும்பிகள் வாலைக் கதிரவனை நோக்கிச் செங்குத்தாக உயர்த்தி நிற்கும். உடலின்மீது வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் உபாயம் அது.

தொலைவு செல்ல இயலாதவர்களுக்கு வீட்டு மாமரமே போதும். இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செம்முசிறு எறும்புகளை அங்கே காணலாம். தம் புழுக்களை வாயிற் கவ்வி, அவை சுரக்கும் பட்டு இழையால் இலைகளை ஒட்டுகின்றன அவை. அருகே திரியும் எறும்புகளுள் ஒன்று எறும்பாக இல்லாமலும் இருக்கலாம்! எறும்பைப் போலவே உருக்கொண்ட சிலந்தி ஒன்று உண்டு. முன்கால் இரண்டையும் உணர்கொம்புகளைப் போல் தூக்கிக்கொண்டு, எஞ்சிய ஆறு கால்களால் நடக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தப்பிய இந்த வேடம், படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணும்போது வெளிப்பட்டுவிடுகிறது.

இனி, குறித்து வைத்தல். 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராக விளங்கிய ஜக்கரியாஸ் டி குரூஸ் எடுத்த படங்கள் இன்று நமக்குச் சரித்திரச் சான்றுகள். இன்ன இடம், இன்ன காலம் என்று தெரிவதனாலேயே அவை பேசுகின்றன.

பூச்சிகளுக்கும் இது பொருந்தும். பொன்னழகி என்னும் பெரிய வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் ஈச்சுரமூலி இனக் கொடிகளையே தின்று வளர்கின்றன. களை என்று கொடியை வெட்டி எறிந்தால் பூச்சிக்கு முட்டையிட இடமில்லை. அது தோட்டத்தை விட்டு மறைந்தபின், “முன்பு இருந்தது” என்று வாயால் சொல்வதில் பயனென்ன? நாளும் இடமும் எழுதிய படம் ஒன்று இருந்தால், இழந்தது எது, எப்போது என்று தெரியும்; அந்தக் கொடியை மீண்டும் நடவும் மனம் வரும்.

ஆகவே, இக்கோடையில் நூறு படங்கள் வேண்டாம், பத்துப் போதும். ஒவ்வொன்றின் கீழும் இடம், நாள், நேரம் ஆகிய மூன்றையும் எழுதி வைப்போம். நம் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து இவ்வூரை அறிந்துகொள்வார்கள்.