ஊர்க்கட்டுப்பாடும் நம் கட்டுப்பாடும்

(ஏரலில் நடைபெற்ற விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் ஊழியர் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் பேச்சுரிமை. நோட்டீஸில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பேச்சுரிமை என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது போலீஸும் லத்தியும்தான். இந்த மாவட்டத்துக்காரனுக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் தூத்துக்குடியில் ஊர்வலம் போன ஜனங்களின் மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 13 உயிர்கள் போயின. அடுத்த நாளே மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட்டைத் துண்டித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், விமானத்தில் ஊருக்கு வந்த ஒரு ஆராய்ச்சி மாணவி ஆளுங்கட்சியை எதிர்த்து ஒரு கோஷம் போட்டதற்காகக் கைது செய்யப்பட்டார். இதையெல்லாம் நாம் கண்டித்தோம், இனியும் கண்டிப்போம்.

ஆனால் இன்று நான் பேச வந்தது போலீஸைப் பற்றி அல்ல. போலீஸ் வராமலே வாய்கள் மூடிக்கொள்கின்றனவே, அதைப் பற்றி.

தூத்துக்குடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1908 பிப்ரவரி 27. கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஒன்பது நாள் நடந்தது போராட்டம். ஹார்வி கம்பெனி இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. தோழர்களே, அந்த ஒன்பது நாளும் மில் தொழிலாளி தனியாக நிற்கவில்லை. ஊரே கூட நின்றது. சோறு போட்டவர்கள், பணம் கொடுத்தவர்கள், அரிசி கொடுத்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கம்பெனிக்குப் பரிந்து பேசியவர்களுக்கு ஊரில் ஒரு வேலையும் நடக்கவில்லை.

அந்த நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ரங்கசாமி ஐயங்கார் என்று ஒரு வக்கீல், வெள்ளைக்காரன் பக்கம் பேசியவர். அவர் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பாதி முகம் ஆகிவிட்டது. நாவிதர் கேட்கிறார்: "சாமி, நீங்க சிதம்பரம் பிள்ளைக்கு விரோதமாப் பேசினீங்களாமே, நெசந்தானா?" வக்கீலுக்குக் கோபம். "உனக்கு எதற்கு அது?" என்கிறார். அவ்வளவுதான். நாவிதர் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். மிச்சப் பாதியைச் சிரைக்க ஊரில் ஒரு ஆள் வரவில்லையாம்.

சிரிக்கிறீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட் மீட்டிங்கில் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்காத பேச்சாளன் நம்மில் யார்? அந்த நாவிதர் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வக்கீலின் பின்னால் கம்பெனி இருந்தது, சர்க்கார் இருந்தது, கோர்ட் இருந்தது. நாவிதரின் கையில் இருந்தது ஒரு கத்தி மட்டும். பாதித் தாடியோடு இருந்தாலும் வக்கீலின் வாயை யாரும் கட்டவில்லை. வாயைக் கட்டியது யாரை? மார்ச் 12-ம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் ஜனங்கள் கொதித்தெழுந்தபோது நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜூலை 7-ல் தீர்ப்பு வந்தது: 124-ஏ பிரிவு, ராஜத்துரோகம். மேடையில் பேசிய பேச்சுக்காக வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, சிவாவுக்குப் பத்து ஆண்டு. அப்பீலில் குறைத்தார்கள் என்றாலும், கோவைச் சிறையில் செக்கிழுத்துவிட்டு 1912 டிசம்பரில்தான் அவர் வெளியே வந்தார். அந்தப் பிரிவை 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோது, பெயரை மாற்றிக்கொண்டு அதே சரக்கு 152-வது பிரிவாக உட்கார்ந்துவிட்டது.

சரி. இப்போது அந்தக் கத்திக்குத் திரும்பி வருகிறேன்.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் நடந்ததை நீங்கள் எல்லாரும் செல்போனில் பார்த்தீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். தலித் பிள்ளைகள். கடைக்காரர், உங்களுக்குத் தரமுடியாது, ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். கட்டுப்பாடு என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்கிறது. அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. கடைக்காரரைக் கைது செய்தார்கள், கடைக்கு சீல் வைத்தார்கள், அது வேறு. முடி வெட்ட மறுப்பதும், சாமான் தர மறுப்பதும், தனி கிளாஸ் வைப்பதும் நமக்குப் புதிய செய்தியா? இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேர், முடி வெட்டிக்கொள்ள உள்ளூரில் இடமில்லாமல் ஏரல் பஜாருக்கு நடந்து வந்தவர்கள்? என் கேள்விக்குக் கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

ஆக, 1908-ல் கம்பெனியின் ஆளுக்கு எதிராக மடங்கிய அதே கத்தி, சேரிக்கு எதிராகவும் மடங்குகிறது. அந்தக் கடைக்காரருக்குச் சொந்தமாக அந்தப் பிள்ளைகளின் மேல் பகை இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஊர் கூடி முடிவெடுத்துவிட்டது என்றார். அதற்குமேல் யோசிக்க வேண்டிய பொறுப்பு அவர் தலையிலிருந்து இறங்கிவிட்டது.

எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்ததும் இதுதான். 2010-ல் "மாதொருபாகன்" என்ற நாவலை எழுதினார். குழந்தையில்லாத ஒரு குடியானவத் தம்பதியின் கதை. நான்கு வருஷம் ஒரு சத்தமும் இல்லை. 2014 டிசம்பரில் திடீரென்று திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரி 9-ல் ஊர் முழுக்கக் கடையடைப்பு. அடைத்தவர்களில் எத்தனை பேர் புத்தகத்தைப் படித்தார்கள்? சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். அதைக்கூடப் படிக்காமல், பக்கத்துக் கடை ஷட்டர் இறங்குகிறதே என்று தன் ஷட்டரை இறக்கியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். ஜனவரி 12-ல் நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் சமாதானக் கூட்டம் என்ற பெயரில் அவரை உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆயிற்று. முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் தோழர் ச.தமிழ்ச்செல்வன் ஹைகோர்ட் போனார். 2016 ஜூலை 5-ல் தீர்ப்பு: அந்தக் கூட்டத்தில் வாங்கிய கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காதவர்கள் புத்தகத்தைப் படிக்காமல் விடலாம் என்பதே தீர்ப்பின் சாரம். அவர் மறுபடி எழுத வந்தார்.

இதுவரைக்கும் நான் சொன்னதற்கு நீங்கள் எல்லாரும் தலையாட்டுவீர்கள். அடுத்தவன் வீட்டு ஓட்டையைக் காட்டினால் தலையாட்டுவது சுலபம். நம் வீட்டுக்கு வருவோம்.

நாமும் "கட்டுப்பாடு" என்றுதான் சொல்கிறோம். கட்சிக் கட்டுப்பாடு, சங்கக் கட்டுப்பாடு. அதே வார்த்தை. பாஞ்சாங்குளத்துப் பிள்ளை நம்மிடம் வந்து கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? எங்களது வேறு, அவர்களது வேறு என்போம். எதில் வேறு? விவாதிக்கும்வரை யாரும் எதையும் பேசலாம், முடிவு எடுத்தபின் எல்லாரும் ஒன்றாக நிற்போம். இதுதான் நம் ஜனநாயக மத்தியத்துவம். புத்தகத்தில் அழகாக இருக்கிறது. எத்தனை கிளைகளில் முதல் பாதி நடக்கிறது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தைச் சொல்கிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பொங்கி நம் ஏரல் பாலமே அறுந்தது. பஜாரில் கடைக்குள் ஆளுயரத் தண்ணீர். வாழை எல்லாம் மண்ணோடு போயிற்று. தண்ணீர் வடிந்தபின், பக்கத்துக் கிராமம் ஒன்றில் இடிந்த வீடுகளின் பட்டியலைச் சங்கமே தயார் செய்து தாசில்தாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தோம். நான்தான் கூட்டத்துக்குத் தலைமை. கிளைத் தோழர்கள் பட்டியலை வாசித்தார்கள். ஏற்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எல்லாக் கையும் உயர்ந்தது. ஒரு கை உயரவில்லை. வயலில் வேலை செய்கிற ஒரு அக்கா. அறுபது வயதிருக்கும்.

"தம்பி, தூக்கச் சொல்லுதீய, தூக்குதோம். ஆனா கீழத்தெருவுல நாலு வீட்டை விட்டுட்டீயளே. இடியாத வீடு ரெண்டு இதுல இருக்கே" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பட்டியலை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? "அக்கா, அதிகாரி முன்னால் நாமே பிரிந்து நின்றால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. ஒற்றுமையைக் குலைக்காதீங்க, உட்காருங்க" என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல், "யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காவ" என்றது. அந்தக் குரலை நான் கண்டிக்கவில்லை. அக்கா உட்கார்ந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று மினிட் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து அதிகாரிகள் பட்டியலோடு வந்து பார்த்தார்கள். இடியாத இரண்டு வீடுகளைக் காட்டி, உங்கள் சங்கத்துப் பட்டியலே பொய் என்று மொத்தத்தையும் ஓரம் வைத்தார்கள். கீழத்தெருவின் நான்கு குடும்பங்கள் மாசி பிறந்தும் தார்ப்பாயின் கீழ்தான் படுத்திருந்தன. ஊர்க்கட்டுப்பாடு போட்டவனை ஊர் ஊராகப் போய்த் திட்டுகிற நான்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன். சேரியின் வீடுகள் விட்டுப்போயின என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பட்டியல் போட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. இரவெல்லாம் சேற்றில் நடந்து எழுதியவர்கள். அன்று கை தூக்கியவர்களில் பாதிப் பேருக்கு அந்த நான்கு வீடு விட்டுப்போனது தெரியும் என்று பின்னால் எனக்கே சொன்னார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் தூக்கினாவ, நானும் தூக்கினேன்" என்றார் ஒருவர். இன்னொருவர், "நீங்க கோவமா இருந்தீய" என்றார்.

நம் கட்சியின் சரித்திரத்திலேயே இதைவிடப் பெரிய கை தூக்கல் உண்டு. 1975 ஜூனில் இந்திரா காந்தி அவசரநிலைப் பிரகடனம் செய்தபோது நம் கட்சி அதை ஆதரித்தது. அப்போது நான் பிறக்கவில்லை. சந்தேகம் கேட்ட தோழர்கள் பலர் அப்போதே இருந்ததாக மூத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வலதுசாரிக்குத் துணை போகிறாயா என்ற ஒரு கேள்வியில் அவர்கள் வாய் அடைத்துப் போயிற்றாம். 1971-ல் லோக்சபாவில் 23 இடம் வைத்திருந்த கட்சி 1977-ல் ஏழு இடத்துக்கு வந்தது. 1978-ல் பதிண்டா மாநாட்டில் அது தவறு என்று ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டது பெருமைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முன்னாலேயே கேட்டவனை அப்போது கேட்டிருந்தால்?

ரோசா லக்சம்பர்க் அம்மையார் 1918-ல் ஜெர்மனியில் சிறையில் இருந்துகொண்டே ருஷ்யப் புரட்சியைப் பற்றி எழுதினார். புரட்சியைப் பாராட்டினார். கூடவே, மாற்றுக் கருத்துள்ளவனுக்குப் பேச இடமில்லாமல் போகிறதே என்று போல்ஷ்விக்குகளைக் கண்டித்தார். மறு வருஷம் ஜனவரியில் அவரைக் கொன்றுவிட்டார்கள். 1922-ல் லெனின் அவரைப் பற்றி எழுதும்போது, இன்ன இன்ன விஷயத்தில் ரோசா தவறினார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஆனாலும் அவர் ஒரு கழுகு என்றார். அவர் எழுத்துக்களை முழுதாக வெளியிடாமல் தாமதிக்கிறார்களே என்று ஜெர்மன் தோழர்களையும் கடிந்துகொண்டார். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன், எல்லாம் படித்தவன் அல்ல. ஆனாலும் இது எனக்குப் போதும்.

"கருங்காலி" என்ற வார்த்தையை நாம் ரொம்ப மலிவாக்கிவிட்டோம். ஸ்டிரைக் முடிவானபின் மதில் ஏறிக் குதித்து மில்லுக்குள் போகிறவன் கருங்காலி. ஸ்டிரைக்குக்கு முன்னால், நிதி எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறவன் கருங்காலி அல்ல. அவனுக்கும் அடுப்பு எரிய வேண்டும்.

இன்னொன்று. இப்போது வார்த்தைகளில் கவனமாக இருக்கிறோம். சலவைத் தொழிலாளி, முடி திருத்தும் தொழிலாளி, தூய்மைப் பணியாளர் என்கிறோம். நல்லது. பழைய சொற்கள் சவுக்கடி மாதிரி விழுந்தவை. சாதியைச் சொல்லி ஒருவனை இழிவுபடுத்துவது அபிப்பிராயம் அல்ல, அது அடி. பேச்சுரிமையின் பெயரால் யாரும் அதற்கு வக்காலத்து வாங்க வேண்டாம். ஆனால் போன வருஷம் ஒரு கூட்டத்தில், வடகால் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல எழுந்த ஒரு பெரியவர், மடைக்குப் பக்கத்துத் தெருவைப் பழைய பேரில் சொல்லிவிட்டார். நம் இளைஞர்கள் நாலு பேர் பாய்ந்தார்கள். பெரியவர் நடுங்கிப்போனார். அங்கே உட்கார்ந்திருந்த சலவைத் தொழிலாளித் தோழர்தான் எழுந்து சொன்னார்: "அவர் சொல்ல வந்ததை முதல்ல சொல்லட்டும். என்னைய எப்படிக் கூப்பிடணும்னு நான் அவர்ட்ட அப்புறம் பேசிக்கிடுதேன்." பேசினார். பெரியவரும் அதற்கப்புறம் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தோழர் கையைக் காட்டுகிறார். ஒரே ஒரு வேலை பாக்கி. வருகிற மாதம் கூலி உயர்வு கேட்டுக் கொடுக்கப் போகிற மனுவின் நகலை உங்களிடம் கொடுத்திருக்கிறோம். அதற்குக் கை தூக்கச் சொல்லி இன்று கேட்கமாட்டேன். அன்று நான் உட்காரவைத்த அந்த அக்கா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். மனுவில் நாற்று நடுகிறவர்களுக்குப் போட்டிருக்கும் கணக்கு தப்பு என்று வரும்போதே வாசலில் என்னிடம் சொன்னார். எனக்கு அது சரியென்று படவில்லை. அக்கா, மேலே வாங்க. மைக்கைக் கீழே இறக்கிக் கொடுங்கள் தோழர், அவருக்கு எட்டாது.