வராதவர் கணக்கு



உயர்கல்விக்கு வழிகாட்டும் அரசுத் திட்டங்களை எப்படி மதிப்பிடுவது என்று பேசக் கூடியிருக்கிறோம். எல்லாவற்றையும் தொட்டுக்காட்டி எதையும் சொல்லாமல் இறங்குவது தலைமையுரையின் மரபு. நான் ஒரே திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: புதுமைப் பெண்.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம். தாலிக்குத் தங்கம் தந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம்தான் இப்படி மாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பட்டப்படிப்பிலோ பட்டயப் படிப்பிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்குப் போகும். நல்ல திட்டம் என்றே நினைக்கிறேன். நான் நினைப்பது சான்றாகாது என்பதால்தான் இந்தக் கருத்தரங்கு.

நம் அறிக்கைகளில் வழக்கமாக இருப்பது, “முன்பு இத்தனை பேர், இப்போது இத்தனை பேர்.” அந்த ‘முன்பு’ எந்த ஆண்டு? 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி. 2022-இல் தேர்வு நடந்தது. இந்த இரண்டு ஆண்டுச் சேர்க்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தால் கிடைப்பதில் கொரோனாவின் பங்கு எவ்வளவு, ஆயிரம் ரூபாயின் பங்கு எவ்வளவு? இன்னொன்று, 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. பணம் இல்லாவிட்டாலும் கல்லூரிக்கு வந்திருக்கக்கூடிய பெண்கள் இங்கே நிறைய. அவர்களையும் திட்டத்தின் வரவில் எழுதிக்கொள்வது நியாயமில்லை.

அப்படியானால் யாரோடு ஒப்பிடுவது? திட்டம் விரிந்த விதமே அதற்கு வழி விட்டிருக்கிறது. அரசுப் பள்ளிப் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகள் புதுமைப் பெண்ணில் சேர்ந்தது 2024 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் ஒரே வீட்டில் அக்காவுக்குப் பணம் வந்தது, தம்பிக்கு வரவில்லை. ஒரே தெருவில் அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு வந்தது, உதவிபெறும் பள்ளியில் படித்தவளுக்கு வரவில்லை. இவர்கள் எல்லா வகையிலும் சமமானவர்கள் இல்லைதான். பையன்களை வேலை இழுப்பதும் பெண்களைக் கல்யாணம் இழுப்பதும் ஒன்றல்ல. அதனால் ஒரே ஆண்டின் வித்தியாசத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. பல ஆண்டுகளாக அந்த இடைவெளி எப்படி நகர்ந்து வந்தது, 2022-க்குப் பிறகு நகர்வு மாறியதா என்று பார்க்க வேண்டும். இப்போது இவர்களுக்கும் பணம் வரத் தொடங்கிவிட்டதால், அந்தக் குறுகிய காலத்தின் பதிவுகள் பொன்னுக்குச் சமம்.

எல்லாத் திட்டத்துக்கும் இத்தகைய ஒப்பீடு தேவையா? இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களை ஒழுங்குபடுத்தும் ‘ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ்’ சான்றை மூன்று வகையாகப் பிரிக்கிறது. திட்டம் ஏன் பலன் தரும் என்ற விளக்கம் ஒன்று. பங்கேற்றவர்களிடம் மாற்றம் தெரிகிறதா என்பது அடுத்தது. அந்த மாற்றத்துக்குத் திட்டம்தான் காரணமா என்பது மூன்றாவது. எல்லாத் திட்டங்களிடமும் மூன்றாவதையே கேட்காத நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கல்லூரி சனிக்கிழமைதோறும் நடத்தும் வழிகாட்டு வகுப்புக்கு முதல் வகையே போதும். மாநிலம் முழுவதும் கோடிக்கணக்கில் செலவாகும் திட்டம் மூன்றாவதுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குப் பணம் தராமல் சோதிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உரிமையாக அறிவித்ததைக் குலுக்கலில் விட முடியாது.

தரவு இல்லை என்ற சாக்கும் இனி செல்லாது. பள்ளி மாணவர்களுக்கு எமிஸ், கல்லூரி மாணவர்களுக்கு யூமிஸ் என்று இணையப் பதிவுகள் இருக்கின்றன. கல்லூரிக்குத் தெரிவது வந்தவர்கள் மட்டும். பிளஸ் டூ முடித்து நூற்பாலைக்குப் போனவள் பள்ளிப் பதிவில்தான் இருக்கிறாள். இரண்டையும், பெயரை மறைத்து, இணைத்தால்தான் அவள் கணக்கில் வருவாள். சேர்ந்த பிறகு நடப்பதற்கோ மாதாந்திர வரவே சாட்சி. ஒருத்திக்கு எந்த மாதம் பணம் நின்றது என்பது பதிவில் இருக்கும். அதற்கு எதிரே ‘இடைநின்றார்’ என்று எழுதி முடித்துவிட்டால் கல்யாணமும், அரியரும், விடுதி கிடைக்காததும், வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாத கோளாறும் ஒன்றாகிவிடும். ஆதார் இணையாததால் பணம் நின்றவள் தினமும் வகுப்புக்கு வந்துகொண்டிருப்பாள்!

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். திரையில் அட்டவணையைப் போடுமுன் உங்கள் ஒப்பீட்டுக் குழு யார் என்று சொல்லிவிடுங்கள். அப்படியொரு குழு இல்லையென்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டோம். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம்.