பூட்டி வெச்ச செப்புத் தகடுகள்

மெட்டாடேட்டா பத்திப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். "நான் என்ன பேசினேன்னு யாரும் கேட்கலையே, யார்கிட்ட எப்போ பேசினேன்னுதானே எடுக்கிறாங்க, அதுல என்ன இருக்கு?" இதுக்கு 1849-லயே லண்டன்ல ஒரு கோர்ட் பதில் சொல்லியிருக்கு.

விக்டோரியா ராணிக்குப் படம் வரைய ரொம்பப் பிடிக்கும். 1840-ல கல்யாணம் ஆனப்புறம் அவங்களும் கணவர் ஆல்பர்ட்டும் எட்சிங் செய்ய ஆரம்பிச்சாங்க. செப்புத் தகட்டுல மெழுகு பூசி, அதை ஊசியால கீறி வரையணும். ஆசிட்ல போட்டா கீறின இடம் மட்டும் அரிச்சுப் பள்ளமாகும். அதுல மை தடவி, காகிதத்தை வெச்சு அழுத்தினா படம். ஸ்டாம்புல பார்க்கிற ராணி இதுல கிடையாது. அவங்க குழந்தைங்க, வீட்டு நாய்ங்க, இப்படித்தான். விக்கிறதுக்காக வரைஞ்சதில்ல. நெருங்கினவங்களுக்கு மட்டும் சில பிரதிகள் கொடுத்தாங்க, தகடுகளைப் பூட்டி வெச்சாங்க.

லீக் எங்க ஆச்சு? வழக்கம்போல வெண்டர்கிட்டதான்! சில தகடுகளை வின்ட்ஸர்ல ஒரு பிரிண்டர்கிட்ட கொடுத்திருந்தாங்க. அங்க வேலை பார்த்தவர் ரகசியமா எக்ஸ்ட்ரா காப்பி போட்டுக்கிட்டார். அப்படி 63 படங்கள் ஜாஸ்பர் ஜட்ஜ்ங்கிற பத்திரிகைக்காரர் கைக்குப் போச்சு. வில்லியம் ஸ்ட்ரேஞ்ச்ங்கிற பதிப்பாளரோட சேர்ந்து ஒரு கண்காட்சி, அதுக்கு ஒரு கேட்டலாக்னு திட்டம். 1848-ல ஆல்பர்ட் வழக்குப் போட்டார். வழக்கோட பேர் 'பிரின்ஸ் ஆல்பர்ட் எதிர் ஸ்ட்ரேஞ்ச்'. வரைஞ்ச அம்மா பேர் அதுல இல்லவே இல்ல, கவனிங்க.

ஸ்ட்ரேஞ்ச் கண்காட்சியை விட்டுட்டார். ஆனா கேட்டலாக்கை விடலை. படத்தைக் காப்பி அடிக்கலையே, அதுல என்ன இருக்குன்னு எழுத்துலதானே சொல்றோம்னு வாதம். யோசிச்சுப் பார்த்தா கெட்டிக்காரத்தனமான வாதம்தான். கோர்ட் ஏத்துக்கலை. ஒரு வீட்டுக்குள்ள எதை வரைஞ்சாங்கங்கிற பட்டியலே அந்த வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கிறதுதான். தவிர, நம்பிக் கொடுத்த இடத்துல திருடினதை வெச்சுத்தான் அந்தப் பட்டியலே வந்தது. கேட்டலாக்குக்கும் தடை.

ராணி வீடுங்கிறதால கோர்ட் வரைக்கும் போக முடிஞ்சது, உண்மைதான். ஆனா தீர்ப்புல சொன்ன காரணம் யார் வீட்டுக்கும் பொருந்தும். அதனாலதான் 1890-ல அமெரிக்காவுல வாரன், பிராண்டைஸ்னு ரெண்டு வக்கீல்கள் பிரைவசி உரிமை பத்தி எழுதின கட்டுரையில இந்த வழக்கைப் பிடிச்சுக்கிட்டாங்க. இது சொத்துப் பிரச்சினை இல்ல, மனுஷனைத் தனியா விடுறதுதான் விஷயம்னாங்க. 2017-ல நம்ம சுப்ரீம் கோர்ட்ல 9 நீதிபதிகள் புட்டசாமி வழக்குல பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொன்னப்போ, அந்தக் கட்டுரையும் பேச்சுல வந்தது.

அந்த எட்சிங்கள்ல நிறைய இப்போ ராயல் கலெக்ஷன் இணையதளத்துலயே இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஒவ்வொண்ணுக்கும் கீழ கேட்டலாக் குறிப்பும் உண்டு.