மெய்நிகர் உலகில் நடை



ஒரு சிறிய அறையின் நடுவே நின்று, கண்களை முழுதும் மறைக்கும் காட்சிக் கருவியைத் தலையில் அணிந்தேன். எதிரே ஒரு மலை தோன்றியது. அதன்மேல் ஏறிச் செல்லும் ஒற்றையடிப் பாதையும் தோன்றியது. ஆவலோடு நான்கு அடி வைத்தேன். கை சுவரில் மோதியது! காணும் உலகமோ பெரிது. நிற்கும் அறையோ சிறிது. இந்த இடர்ப்பாட்டை நீக்க முயன்றதன் விளைவே மெய்நிகர் உலகின் பலவகை நடைகள்.

தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றைப் பற்றி அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட் 1968-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். பின்னர்ப் பெருகிய நடைமுறைகளை 2017-இல் காஸ்டாஸ் போலட்சிஸ் என்னும் ஆய்வாளர் நான்காகப் பகுத்தார். அறையின் எல்லைக்குள் உண்மையாகவே நடப்பது ஒன்று. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைத்தல், கை வீசுதல் முதலிய உடலசைவுகளால் முன்னேறுவது மற்றொன்று. கைக்கருவியின் குமிழைச் சாய்த்து வழுக்கிச் செல்வது மூன்றாவது. வேண்டிய இடத்தைச் சுட்டி, நொடியில் அங்குத் தாவுவது நான்காவது.

இப்பகுப்புக்கு அடிப்படை மூன்று வினாக்கள். உடல் அசைகின்றதா? செலவு இடையறாது தொடர்கின்றதா? செல்லும் இடத்திற்கு எல்லை உண்டா?

ஒவ்வொரு வகைக்கும் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. உண்மை நடை இயல்பானது. ஆயின் அறை போதாது. உடலசைவு நடைக்கு அறை போதும். ஆயின் உடல் விரைவில் களைக்கும். வழுக்கும் நடையில் கண் 'செல்கிறேன்' என்கிறது. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்போ 'நிற்கிறேன்' என்கிறது. இம்முரண்பாட்டால் பலருக்குக் குமட்டல் உண்டாகின்றது. தாவும் நடையில் அத்தொல்லை குறைவு. ஆயின் தாவியபின் திசை மயங்கும்.

இவற்றை ஒரு கல்லூரியில் விளக்கியபோது, உண்மை நடையே தலையாயது என்றும், குமிழால் செல்வது கடைப்பட்டது என்றும் கூறினேன். சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, நான் மலை ஏறியது அந்தக் கடைப்பட்ட நடையினால்தானே?"

என்னால் விடை கூற இயலவில்லை. வகைப்படுத்துவது வேறு, தரப்படுத்துவது வேறு என்பதை அன்று உணர்ந்தேன். அதுமுதல் அம்மூன்று வினாக்களோடு நான்காவது ஒன்றையும் சேர்த்துக் கேட்டு வருகிறேன்: நடப்பவர் யார்?

நாளை இவ்வுலகங்களை அமைக்கப்போகும் நீங்களும் இவ்வினாவை மறவாதிருங்கள். ஒரே நடையை மட்டும் வைத்தால், சிலருக்கு வாயிலை அடைத்தவர்கள் ஆவீர்கள். பல நடைகளையும் வைத்தால், மலை எல்லார்க்கும் உரியதாகும்.