எண்ணப்பட்டோர் அறியவேண்டும்
(கல்குடாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1981க்குப் பின் இருபது ஆண்டுகள் இந்நாட்டிற் குடிசன மதிப்பே நிகழவில்லை. 2001இல் 18 மாவட்டங்களே முழுமையாக எண்ணப்பட்டன. எமது மட்டக்களப்பு அவற்றுள் ஒன்றன்று. யுத்தம் ஓய்ந்த பின், 2012இலேதான் நாம் முழுமையாகக் கணக்கிற் சேர்ந்தோம். முப்பத்தொரு ஆண்டுகள்!

2024இல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கடதாசிப் படிவத்தை ஒதுக்கிக் கையடக்கக் கணினியைக் கைக்கொண்டது. நாம் இதனை வரவேற்கின்றோம். வயதும் பிறந்த ஆண்டும் முரண்பட்டால் வீட்டு வாசலிலேயே திருத்தலாம். தாள்களைக் கொழும்புக்கு ஏற்றி மீண்டும் பதியும் தாமதமும் இல்லை.

ஆயினும் எண்ணப்படுதல் வேறு, உரிமை பெறுதல் வேறு. சோல்பரி யாப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனமென வகுத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசாவுரிமையிழந்த மலையகத் தமிழரும் அத்தொகையில் அடங்கினர். வாக்குரிமை மாத்திரம் அவர்க்கில்லை. அவர்தம் தலைகள் ஈட்டிய ஆசனங்களிற் பிறர் அமர்ந்தனர்.

ஆதலின் நாம் கேட்பது இது: கிராம அலுவலர் பிரிவுவாரியாக முடிவுகள் தமிழிலும் தாமதமின்றி வெளிவரல் வேண்டும். பெரும்போக விளைச்சற் கணக்கைக் கொழும்பு அதிகாரி அறியும் நாளிலேயே வாழைச்சேனை விவசாயியும் அறிதல் வேண்டும். பொறி வந்துவிட்டது, இனித் தாமதத்துக்குத் தாள்மீது பழிபோட இயலாது.